யானை வேண்டாம் என்று எழுதினேன்

ஞாயிற்றுக்கிழமை மேல்மலையனூரில் மகளுக்குக் காதுகுத்து. அழைப்பை ஏஐ வீடியோவாகச் செய்யலாமென்று இன்று காலையில்தான் ஒரு ஆப்பை இறக்கினேன்.

"தாய்மாமன் சீர்வரிசையோடு பிரம்மாண்டமாக வருகிறார்" என்று ஒரே வரி எழுதினேன். பட்டுவேட்டி மாமன் யானைமேல் வந்தார். கை சும்மா இருக்காமல் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டேன்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது தம்பி போன் செய்தான். அவன்தான் அந்தத் தாய்மாமன்.

"இன்னாக்கா இது? நான் லோடு ஆட்டோல தட்டு எடுத்துனு வர்றேன். யானைக்கு எங்க போவேன்? உன் மாமியா இப்பவே எத்தன மணிக்கு வரும்னு கேக்குது!"

உடனே வீடியோவை அழித்துவிட்டு, நின்றபடியே புதிதாக எழுதினேன். "தாய்மாமன் லோடு ஆட்டோவில் வருகிறார். யானை வேண்டாம்."

வீடியோ வருவதற்குள் என் பஸ் போய்விட்டது. வந்த வீடியோவில் லோடு ஆட்டோ இருந்தது. அதன் பின்னால் இரண்டு யானைகள்.

இந்த ஏஐ எல்லாம் தெரிந்த தோழிக்கு மெசேஜ் போட்டேன். "வேணாங்கறதோட பேர சொல்லாதடி. அது பேர மட்டுந்தான் புடிச்சுக்கும். வேணுங்கறத மட்டும் எழுது" என்றாள்.

யானை என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். யானைகள் போய்விட்டன.

நிம்மதியாக மாமியாருக்குப் போன் போட்டு, "அத்த, யானைலாம் வராது" என்றேன். "சரிம்மா" என்றார்.

இரண்டே நிமிடத்தில் குரூப்பில் அவர் குரல்: "யானை விஷயமா மருமவ இப்பதான் பேசுனா. எல்லாரும் வெள்ளனவே வந்துருங்க."

ஆப்புக்கு எப்படி எழுதுவதென்று கற்றுக்கொண்டேன். அத்தைக்கு எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.