கேட்ல இருந்த போனும் அரைக் கிலோ தக்காளியும்

மத்தியானம் ஏதோ ஒரு பட்டாசுக் கம்பெனியில விபத்துன்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. எந்தக் கம்பெனின்னு போடல.

என் வீட்டுக்காரியும் பட்டாசுக் கம்பெனியிலதான் வேலை பார்க்கா. போனைக் கேட்லயே வாங்கி வச்சிருவாக. அது தெரிஞ்சும் விடாமக் கூப்பிட்டேன்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டா.

"எதுக்கு இம்புட்டுத் தடவ கூப்பிட்டீக? வீட்ல தக்காளி தீந்திருச்சா?"

அவளுக்கு விஷயமே தெரியல. இனிமேதான் பஸ் ஏறணும்.

"ஆமா, அரைக் கிலோ வாங்கிட்டு வா"ன்னேன்.

விபத்து வேற பக்கமாம். யாருக்கும் அடி இல்லையாம்.

அவ வேலைக்குப் போனப்புறம் நான் வாங்கிப்போட்ட தக்காளி கூடை நிறையக் கிடந்துச்சு. பஸ்ல விபத்துச் சேதியைக் கேட்டுட்டு வந்தவ கூடையைப் பார்த்தா, என்னையப் பார்த்தா. வாங்கிட்டு வந்த அரைக் கிலோவையும் அதுலயே கொட்டுனா.

தக்காளித் தொக்குக்குப் பக்குவம் தெரிஞ்சவுக சொல்லுங்க.