அவன் பேர் ஒட்டிய பெட்டிகள்

ஒயின் பாட்டிலின் முதுகில் 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்று போட்டிருக்கும். எந்த ஊர் அறை என்று போட்டிருக்காது. சித்திரை மாதம் ஆரப்பாளையத்து மாடி அறையில் வைத்தால் ஒயின் ரசமாகிவிடும். கொத்தமல்லி கிள்ளிப் போடவேண்டியதுதான் பாக்கி. இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிக்க எனக்கு ஒருத்தன் இருந்தான். இப்போது இல்லை. அதனால் இந்த ஜோக்கை யாரிடமும் சொல்வதில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

நானும் அவனும் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசை. என் வீடு ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், அவன் வீடு திருமங்கலத்தில். சொந்தமில்லை, ஆனாலும் இருவரும் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். எங்களைச் சேர்த்து வைத்தது பாட்டு. பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது, பாட்டு கேட்கிற சாமான். ஒரே பாட்டை நாலு ஸ்பீக்கரில் போட்டு, மூன்றாவதில் தபேலாவுக்கு உடம்பு வந்திருக்கிறது என்று தலையாட்டுவோம். பாட்டில் என்ன வரி வருகிறது என்று கேட்டால் இருவருக்கும் தெரியாது. தெருவில் முளைப்பாரி ஊர்வலத்துக் குழாய் ஸ்பீக்கர் நுழைந்துவிட்டால் எங்கள் ஆராய்ச்சி அத்தோடு முடிந்தது.

ஒயின் அவன் இலாகா. கம்பத்துப் பன்னீர் திராட்சையை ஜாடியில் போட்டு அவனே ஊற வைப்பான். சனிக்கிழமை சாயங்காலம் கீழக்குயில்குடி மலையடியில் தாமரைக் குளத்தைத் தாண்டி ஆள் இல்லாத பக்கமாக உட்கார்ந்து, கண்ணாடி தம்ளரை வெயிலுக்கு நேராகப் பிடித்து, "கொய்யா வாசம் வருது பாரு மாப்ள" என்பான். எனக்குப் புளிச்ச தண்ணீர் வாசம்தான் வரும். இருந்தாலும் வருகிறது என்பேன். அவன் முகம் அப்படி இருக்கும்.

சாமான் எல்லாம் ஆன்லைனில்தான் வாங்குவோம். அதில்தான் சிக்கல். இரண்டு வீட்டிலும் பெண்களுக்கு எங்கள் சாமான் பிடிக்காது. 'வீடா, ரேடியோக் கடையா' என்ற கேள்வி இரண்டு வீட்டிலும் ஒரே ராகத்தில் வரும். அதனால் நாங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவன் வாங்குவது என் பேரில், என் வீட்டுக்கு வரும். நான் வாங்குவது அவன் பேரில், அவன் வீட்டுக்குப் போகும். பார்சல் வருகிற நேரம் பார்த்துத் தெருமுனையிலேயே வாங்கி, வீட்டில் கண்ணில் காட்டாமல் வைத்திருந்து, சனிக்கிழமை கட்டைப்பையில் வைத்து மாற்றிக்கொள்வோம். வீட்டில் கேட்டால், "எரவல். மாப்ளயோடது. கேட்டுட்டுக் குடுத்துருவேன்." இரவல் சாமானை யாரும் குறை சொல்வதில்லை. பத்திரமாகத் துடைத்துக்கூட வைப்பார்கள்.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு இன்னொரு வழக்கம் உண்டு, பெட்டியைத் தூக்கிப் போட மாட்டோம். பின்னால் விற்கப் போனால் பெட்டி இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. உள்பெட்டியை வெளிப்பெட்டிக்குள் வைத்து, அட்டை கிழிந்துவிடும் என்று ஒட்டியிருக்கிற முகவரிச் சீட்டைக்கூட உரிக்காமல், பரணில் அடுக்கி வைப்போம். பார்சலை மறைக்க அத்தனை யோசித்தவர்கள் இந்தச் சீட்டை யோசிக்கவே இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவன் குழாயடியிலேயே விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் முடிந்துவிட்டது. நான் போய்ச் சேரும்போது நெற்றியில் காசு வைத்துப் படுக்க வைத்திருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முந்தின சனிக்கிழமை, புது ஜாடித் திராட்சையைப் பொங்கலுக்கு வடிகட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போனவன். இப்படியா செய்வான் ஒருத்தன்.

அவன் மனைவியும் அழவில்லை. சுற்றிப் பெண்கள் மாரடித்துக்கொண்டிருக்க, அவள் சுவரில் சாய்ந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். "அழுக வச்சிருங்கடி, நெஞ்சடைச்சுப் போகும்" என்று யாரோ சொன்னார்கள். அவன் சட்டையைக் கொண்டுவந்து மடியில் போட்டார்கள். மடித்து வைத்தாள், அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் நான் ஒரு ஹெட்ஃபோனுக்கு ஆர்டர் போட்டிருந்தேன். காதை முழுசாக மூடுகிற ரகம். வெளிச் சத்தத்தை அதுவே அமுக்கிவிடும். பேருந்து நிலையத்து ஹாரனுக்கு நடுவே குடியிருக்கிறவனுக்கு அதைவிடப் பெரிய சொர்க்கம் இல்லை. வழக்கம்போல் அவன் பேரில், அவன் வீட்டுக்கு. சாவு வீட்டுக் குழப்பத்தில் அதை மறந்தே போனேன். ஒருநாள் 'உங்கள் பொருள் ஒப்படைக்கப்பட்டது' என்று கைபேசியில் செய்தி வந்தது. வாங்கியது அவன் மனைவியாகத்தான் இருக்கும், போய்க் கேட்கவா முடியும்.

கருமாதி முடிந்து கொஞ்ச நாளில் அவள் கூப்பிட்டாள். "அண்ணே, ஒரு வண்டி பிடிச்சுக்கிட்டு வந்துட்டுப் போங்க" என்றாள். எதற்கென்று சொல்லவில்லை.

போனால், கூடத்தில் சுவரோரமாகப் பெட்டிகள். ஆம்ப்ளிஃபயர், இசைத்தட்டு ஓட்டுகிற பெட்டி, ஸ்பீக்கர் ஜோடி, இன்னும் என்னென்னவோ. பரணைக் காலி செய்து, தூசி துடைத்து, வரிசையாக வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் என் பேர்.

"ஒங்க சாமானெல்லாம் எடுத்து வச்சிட்டேண்ணே. அவரு எரவல் வாங்கிட்டு வந்தது. ஒண்ணும் விட்டுப் போகலைல்ல, பாத்துக்கங்க."

"இதெல்லாம் எதுக்கும்மா இப்ப..."

"போன மனுசன் எரவல் பாக்கியோட போகக் கூடாதுல்ல" என்றாள். பிறகு அவளே, "பாவம்ணே. தனக்குன்னு ஒரு சாமான் வாங்கிக்கிடல. எம்புட்டு ஆச இருந்திருக்கும்? நாந்தான் சும்மா சும்மா வஞ்சுக்கிட்டே இருந்தேன். அதனாலதான் ஒங்ககிட்ட எரவல் வாங்கியே கேட்டுட்டுப் போயிட்டாரு" என்றாள்.

அதுதான் அவள் நெஞ்சை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. புருசன் ஆசைப்பட்டதை வாங்கவிடாமல் சாகக் கொடுத்துவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவனோ ஆசைப்பட்டதில் ஒன்றைக்கூட விட்டதில்லை. இதற்கு மேல் மறைப்பது பாவம் என்று பட்டது. உள்ளதைச் சொன்னேன்.

"இதெல்லாம் மாப்ள வாங்குனது தாயி. ஒனக்குத் தெரியாம இருக்கட்டும்னு என் பேருக்கு வரவச்சான். இதுல என்னோடது ஒண்ணுகூட இல்ல."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். வருத்தமான சிரிப்பு. "நீங்க இப்பிடித்தான் சொல்லுவீகன்னு நெனச்சேன். ஒங்களுக்குப் பெரிய மனசு. ஆனா பேரு போட்டிருக்கேண்ணே."

சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். செத்தவனுக்கு நல்ல பேர் வாங்கித் தர நான் பாடுபடுவதாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். பொய்யை நாங்கள் அவ்வளவு பக்காவாகச் செய்திருந்தோம்.

"அவரு பேருல வந்தது இது ஒண்ணுதான்" என்று உள்ளே போய் எடுத்துக்கொண்டு வந்தாள். என் ஹெட்ஃபோன். "கடைசியா ஒண்ணே ஒண்ணு ஆசப்பட்டு வாங்கிருக்காரு. வந்து சேரும்போது ஆளு இல்ல. இத மாட்டிக்கிட்டா வெளிச் சத்தம் கேக்க மாட்டேங்குது. துட்டி கேக்க வர்றவுக, எப்பிடி விழுந்தாரு, எங்க விழுந்தாருன்னு திரும்பத் திரும்பக் கேக்குறாக. போனப்பறம் மாட்டிக்கிட்டு உக்காந்துருவேன்."

"பாட்டுக் கேட்டியாம்மா?"

"இதுல பாட்டும் வருமா?"

அவன் கைபேசியை வாங்கி அதோடு இணைத்தேன். பாட்டுச் செயலியைத் திறந்ததும், குழாயடிக்குப் போவதற்கு முன் அவன் பாதியில் நிறுத்தியிருந்த பாட்டு அந்த இடத்திலிருந்தே ஓட ஆரம்பித்தது. அவளுக்கு மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதும் அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

பெட்டிகளை எடுக்க மாட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் விடவில்லை. குட்டியானை வண்டிக்காரரை அவளே உள்ளே கூப்பிட்டு ஏற்றச் சொன்னாள். கடைசியாகத் திராட்சை ஜாடி. "இதுவும் ஒங்களதுதானே? வயித்துக்கு ஒங்க வைத்தியர் சொன்ன அரிஷ்டம்னு சொல்லிருக்காரு" என்றாள். அவன் என்னைப் பற்றி இன்னும் என்னென்ன சொல்லி வைத்திருந்தானோ தெரியாது. வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். வழியில் ஒவ்வொரு வேகத்தடையிலும் மூடிக்கடியில் கட்டிய துணி நனைந்து, புளிப்பு வாசம் வந்தது. கொய்யா வருகிறதா என்று மோந்து பார்த்தேன். வரவில்லை.

வீட்டில் என் மனைவி ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து படித்தாள். எல்லாவற்றிலும் என் பேர். அன்று அவள் கேட்ட கேள்வியை எல்லாம் எழுத முடியாது. இம்புட்டையும் வாங்கி அவன் வீட்டில் ஒளித்து வைத்திருந்தேனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். செத்தவனைக் காட்டிக் கொடுக்க வாய் வரவில்லை.

கத்தி ஓய்ந்தபின் அவளே, "அப்ப நம்ம பரண்ல கெடக்கே, அவுக பேரு போட்டது? எரவல்னுதான சொன்னீக? அந்தப் பிள்ள தொடச்சு வச்சுக் கூப்பிட்டுக் குடுத்திருக்கு. நமக்கு வெக்கமா இல்ல?" என்றாள்.

அதெல்லாம் என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படியே மூடிக்கொண்டேன். அவன் மனைவி என் வார்த்தையை நம்பவில்லை, சீட்டைத்தான் நம்பினாள். என் பரணில் இருப்பதெல்லாம் அவன் பேர் ஒட்டிய பெட்டிகள்.

மறுநாள் நானே பரணில் ஏறினேன். என்னிடம் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் உண்டு. போட்டதும் கண்ணாடிக் குழலுக்குள் மெல்ல ஆரஞ்சு நிறத்தில் சூடேறும். அது சூடேறுவதைப் பார்க்கத்தான் நான் பாட்டே போடுவேன். அதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று நப்பாசை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். மற்ற எதையும்விடப் பெரிய எழுத்தில் அவன் பேர் அதில்தான் இருந்தது. அதையும் வண்டியில் ஏற்றினேன். வண்டி நகர்ந்தபோது, அவன் செத்த அன்று வராத அழுகை எனக்கு வந்தது. அவனுக்காக அழுதேனா ஆம்ப்ளிஃபயருக்காக அழுதேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

திருமங்கலத்தில் அதே கூடத்தில், அதே சுவரோரமாக இறக்கி வைத்தேன். அவள் குனிந்து முதல் சீட்டைப் படித்தாள். இரண்டாவதைப் படித்தாள். பிறகு ஒவ்வொரு பெட்டியாகப் பேரின் மேல் விரலை வைத்துக்கொண்டே போனாள்.

"இதெல்லாம் யாரு வாங்குனது?"

"மாப்ள வாங்குனதுதான். எங்க வீட்ல இருந்துச்சு."

"இம்புட்டுமா? அப்ப ஏன் இங்க கொண்டு வரல?"

"ஒனக்குப் பயந்துக்கிட்டுத்தான் தாயி."

இந்தத் தடவை நம்பினாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மாலை போட்டு மாட்டியிருந்த அவன் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அடப்பாவி மனுசா! தீவாளிக்கு ஒரு சேல கேட்டதுக்கு மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டியே! எம்புட்டு வாங்கி எங்க கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்க! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா கொன்னா போட்டுருப்பேன்?"

குரல் உடைந்தது. பெட்டியை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு, அவனைத் திட்டித் திட்டி, தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். அழட்டும் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு அவன் படத்துக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றேன். அந்தத் திட்டில் பாதி எனக்குச் சேரவேண்டியது.