சுண்ணாம்புக் கோட்டின் மேல் நெல்

என் மகளின் மகள் கெம்பஸில் விளையாட்டுப் படிப்புப் படிக்கிறாள். கடைசி வருஷம் மூன்று மாதம் எங்கேயாவது பயிற்சி கொடுத்துப் பழகவேண்டுமாம். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு ஓட்டம் பழக்க வந்தாள். கடைசி நாளில் கெம்பஸில் படிப்பிக்கிற சேர் ஒருவர் வந்து பார்த்துப் புள்ளி போடுவார். அது கிடைக்காவிட்டால் மூன்று மாதமும் வீண்.

எங்கள் மைதானத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பின்னேரம் கிரிக்கெட், பெருநாளில் தொழுகை, அறுவடைக் காலத்தில் நெல் காயப்போடுவது. நெல் பரவிக் கிடந்தால் விளையாட வருகிறவர்கள் பேசாமல் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. நான் வாலிபனாக இருந்தபோதும் அப்படித்தான்.

சேர் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் அவள் சுண்ணாம்புக் கோடு போட்டாள். கயிற்றின் மறுமுனையைப் பிடித்தது நான்தான்.

"மூத்தாப்பா, இழுத்துப் புடிங்க. கோடு வளையிது."

"என்ட முதுகே வளைஞ்சி போச்சி மகள். கயிறு வளையாமலா?"

ஆறு கோடு போட்டோம்.

அடுத்த நாள் விடிய சுபஹ் தொழுதுவிட்டு வந்தால் வாசலில் உழவு மெசின் நிற்கிறது. மழை வரும் என்று என் வயலை முந்தியே வெட்டிவிட்டார்கள். மெசினின் பின்பெட்டி நிறைய ஈர நெல்.

"எங்க கொட்டுற மாமா?" என்றான் மெசின்காரன்.

"வேற எங்க? கிரவுண்டுக்கு உடு."

கொட்டிப் பரவிவிட்டு வீட்டுக்கு வந்து தேத்தண்ணியை வாயில் வைத்தபோதுதான் நினைவு வந்தது. சைக்கிளை மிதித்துப் போனேன். என் நெல்லைப் பார்த்து இன்னும் ஐந்து பேர் கொட்டியிருந்தார்கள். கோடு ஒன்றும் தெரியவில்லை. விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் ஓரத்தில் நின்றாள்.

"ஆருட நெல்லு முதல்ல?"

"என்ட."

அவள் குனிந்து ஒரு பிடி நெல்லை அள்ளி ஈரம் பார்த்தாள். ஏசியிருந்தால் நல்லம்.

"அள்ளிருவம் மகள்."

"ஈர நெல்லக் குவிச்சா அவிஞ்சிரும். மத்தவங்கட நெல்ல என்ன செய்யிற?"

ஓட வந்திருந்த பிள்ளைகளில் ஒருத்தி, "டீச்சர், நெல்லுக்கு மேலால ஓடுவம். கிண்டிக் குடுத்த மாதிரியும் இரிக்கும்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு எல்லாரையும் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள்.

சேர் வந்தார். தங்கமான மனிசன். மணலில் நின்றே பார்க்கிறேன் என்று கொப்பியைத் திறந்தார். பிள்ளைகள் வரிசையில் குனிந்து நின்றார்கள். அப்போது மழைத்துளி விழுந்தது.

விசில் ஊதமுதலே அத்தனை பேரும் ஓடினார்கள், கடல் பக்கம் அல்ல, மைதானத்துக்கு. அங்கே கிடந்தது அவர்கள் வீட்டு நெல்லும்தானே. அவள் ஊதினாள், திரும்பவும் ஊதினாள். ஒருத்தியும் திரும்பவில்லை. மூன்று மாதம் அவள் பழக்கியபடியே முழங்காலை உயர்த்தி, கையை வீசி ஓடினார்கள். நான் வாய் பார்த்து நின்றேன்.

"பிள்ளைகள் இல்லாம நான் எதுக்குப் புள்ளி போடுற? மூணு மாசத்துல என்னதான் படிச்சீங்க?" என்று சேர் கேட்டார்.

"விசில் ஊதினா வருவாங்க எண்டு நினைச்சிருந்தன் சேர்."

அவர் கொப்பியை மூடினார். அவளும் மைதானத்துக்கு ஓடினாள். நான் போய்ச் சேர்ந்தபோது என் நெல்லின் மேல் மழைக்கு மூடும் படங்கை இழுத்துக்கொண்டிருந்தாள். மறு நுனியைப் பிடித்தேன்.

"இனி எப்ப மகள்?"

"அடுத்த வருசம் திரும்ப மூணு மாசம். இதே மாசத்துலதான் சேர் வருவாரு."

அந்த மாதமும் அறுவடை மாதம்தான். இரண்டு பேருக்கும் தெரியும்.