தெளிவான படம்

கோவில்பட்டியில் நான் போகும் வீடியோ கேம் கடைக்குச் சொந்த டிஸ்க்கோடு ஒரு லாரி டிரைவர் வருவார். நரைத்த மீசை. குத்துச்சண்டை ஆட்டம் மட்டும்தான்; பல்லைக் கடித்துக்கொண்டே ஆடுவார். கடைக்குப் புது மெஷின் வந்த அன்று, அதில் அதே ஆட்டத்தை ஆட மறுபடி பணம் கட்டணும் என்றார் கடைக்காரர்.

"வாங்குன ஆட்டத்துக்கு எதுக்குவே திரும்பத் துட்டு?"

"கம்பெனி கேக்குது அண்ணாச்சி. புதுசுல படம் தெளிவா இருக்கும்."

டிரைவர் கடைக்காரர் தலையைப் பிடித்துக் கண்ணாடி மேசையில் மோதினார். நெற்றி பிளந்து ரத்தம் கொட்டியது. நான் டிரைவரைப் பின்னால் இழுத்ததும் கையை விட்டார். தன் துண்டாலேயே காயத்தைக் கட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடினார்.

தையல் போட்டு முடிக்கும்வரை வாசலில் நின்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"தம்பி, புதுசுல ரத்தமும் தெளிவாத் தெரியுமா?"

கேலியில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்.