ஜாதிக்காய்ப் பாலும் வலி மாத்திரையும்

போன வருடம் மழை மாதத்தில், பினாங்கு டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் நடந்தது இது. முதுகில் அறுவை சிகிச்சை முடிந்து வந்திருந்தேன். அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரை கொடுத்திருந்தார்கள். வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறேனா என்று கேட்டதற்கு இல்லை என்றேன். அடுக்களையில் இருப்பதை நம் வீடுகளில் யார் மருந்து என்கிறார்கள்?

என்னைப் பார்த்துக்கொள்ள நாத்தனார் வந்திருந்தார். எங்களுக்குள் ஏழாம் பொருத்தம். ஆனாலும் நான் வலியில் தூங்காமல் கிடப்பது பொறுக்காமல், மதியம் ஜாதிக்காயை இழைத்து, அமுக்கராப் பொடியும் சேர்த்துப் பால் காய்ச்சித் தந்தார். மாத்திரையை விழுங்கிவிட்டு அதையும் குடித்தேன்.

கொஞ்ச நேரத்தில் வலி எங்கோ போய்விட்டது. மின்விசிறி மெல்ல மெல்லச் சுற்றியது. சன்னலுக்கு வெளியே பெய்த மழை அறைக்குள் வந்து, கட்டிலோடு என்னை மிதக்கவிட்டது போலிருந்தது. இடையிடையே மூச்சு விட மறந்துபோனேன். அதுவும் சுகமாகத்தான் இருந்தது. இப்போது நினைத்தால் அந்தச் சுகம்தான் பயமாக இருக்கிறது.

நாத்தனார் எழுப்பியும் நான் எழவில்லையாம். உதடு நீலம் பாய்ந்திருந்ததாம். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்.

அவசரப் பிரிவில் கண் திறக்க முடியவில்லை. குரல்கள் மட்டும் தண்ணீருக்கடியில் கேட்பது போல் வந்தன. மாத்திரை தவிர வேறு என்ன சாப்பிட்டேன் என்று டாக்டர் கேட்டார். வேலையிலிருந்து ஓடி வந்த என் கணவர், "வேற ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றார்.

"இருக்கு. நான்தான் குடுத்தேன்" என்றது நாத்தனாரின் குரல். "பால்ல ஜாதிக்காயும் அமுக்கராவும். ஜாதிக்காய் கொஞ்சம் கூடவே போட்டுட்டேன். தூங்கட்டும்னுதான்லா."

"என்னக்கா செஞ்சு வெச்சிருக்க?"

"அப்புறம் திட்டு தம்பி. மொதல்ல டாக்டருக்குத் தெரியணும்."

ஊசி போட்டதும் மூச்சு சீரானது. மயக்கம் தருபவை ஒன்றுசேர்ந்தால் மூச்சையே அடக்கிவிடும் என்று டாக்டர் பிறகு விளக்கினார். அந்த ஊசி, வலி மாத்திரையின் வேகத்தைத்தான் முறிக்கும், ஜாதிக்காயை முறிக்காது என்பதால் என்னைவிட்டு நகராமல் கவனித்தார்கள். மறுபடி மூச்சு இறங்கியபோது உடனே கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்கள்.

தம்பி பெண்டாட்டிக்கு எதையோ கொடுத்துவிட்டாள் என்று உறவெல்லாம் பேசும் எனத் தெரிந்தும், தம்பியின் முகத்துக்கு நேரே அவர் வாயைத் திறந்தார். எனக்கு ஒத்தே வராத அந்த மனுஷியின் நேர்மையால்தான் உயிரோடு இருக்கிறேன் என்று நினைக்கும்போதெல்லாம் கண் கலங்கிவிடுகிறது.