சாமியை நான் வில்லனாக வரைந்த கதை

என் அப்பா வீட்டை விட்டுப் போனபோது எனக்குப் பதினொரு வயது. காசிக்கோ இமயமலைக்கோ போயிருந்தால் சொல்லிக்கொள்ளவாவது நன்றாக இருந்திருக்கும். அவர் போனது முக்கூடல் பக்கம், ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு சாமியின் சமாதிக்கு. டவுணில் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். வாத்தியார் வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டு வேட்டியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, காலைப் பலகாரத்தை முடித்துவிட்டுத்தான் போனார். போகிறேன் என்று என்னிடம் சொல்லவில்லை.

அம்மா ரதவீதியில் ஒரு ஜவுளிக்கடைக்குச் சேலை எடுத்துப் போடுகிற வேலைக்குப் போனாள். யாராவது கேட்டால், "அவுக சாமிகிட்ட இருக்காக" என்பாள், ஏதோ வெளியூரில் உத்தியோகம் பார்க்கிற மாதிரி.

அந்தச் சாமி நூறு வருஷத்துக்கு முன்னால் நிஜமாகவே இருந்தவர். ஊர்க் கணக்கராக இருந்தவர், பெண்டாட்டியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்து ஆற்றங்கரையில் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். சமாதியில் கிடைக்கிற சின்னப் புத்தகத்திலேயே இது இருக்கிறது, பெருமையாக. அவர் கண்ணைப் பார்த்தவர்கள் வீடு வாசலை மறந்தார்கள் என்றும் இருக்கிறது. அந்தப் பெண்டாட்டி என்ன ஆனாள் என்பதற்கு ஒரு வரி கிடையாது. சாமிக்கு ஒரே ஒரு போட்டோ உண்டு. சடை, எலும்பு தெரிகிற மார்பு, கொஞ்சம் ஒதுங்கிப் பார்க்கிற இடது கண்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சர் ஆனேன். சாயங்காலங்களில் சென்னையில் இருக்கிற ஒரு சின்ன காமிக்ஸ் பதிப்பகத்துக்கு வரைந்து கொடுப்பேன், எல்லாம் அடுத்தவர் எழுதிய கதைகளுக்கு. முப்பத்தெட்டு வயதில்தான் உங்கள் கதையாக ஒன்று செய்யுங்கள் என்றார்கள். நான் யோசிக்கவே இல்லை.

அந்தச் சாமியை வில்லனாக்கினேன். பெயரை மாற்றினேன், முகத்தை மாற்றவில்லை. அவன் கண்ணைப் பார்க்கிறவர்களுக்குத் தங்கள் பிள்ளைகளின் பெயர் மறந்துபோகும். தாமிரபரணிக் கரை ஊர்களில் அப்பன்மார் ஒவ்வொருவராகச் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து அவனிடம் நடப்பார்கள். பதினொரு வயதுப் பெண் ஒருத்தி கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு போய் அவனோடு மோதுவாள், ஜெயிப்பாள். அப்பாவைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவாள்.

வரைய எட்டு மாதம் ஆனது. அந்தப் பெண் கைக்குச் சட்டென்று வந்துவிட்டாள். அவன்தான் இழுத்தடித்தான். கண்ணை மட்டும் எத்தனை தடவை அழித்து அழித்து வரைந்தேனோ! வெறுப்பில் ஒரு தனிக் கவனம் வந்துவிடுகிறது. பிரியத்தோடு வரைந்ததில் அவ்வளவு கவனம் எனக்கு இருந்ததில்லை.

புத்தகம் வந்து இரண்டு மாதத்தில் பதிப்பாசிரியர் போன் பண்ணினார். "மேடம், எல்லாரும் வில்லனைத்தான் கேக்குறாங்க. அவனுக்குத் தனியா ஒரு புக் போடலாமா?" பாளையங்கோட்டைப் புத்தகக் கண்காட்சியில் ஒரு இளைஞன் அவன் முகத்தைப் பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு வந்து என்னிடம் கையெழுத்து கேட்டான். "அந்தப் பொண்ணு வர்ற இடம்தான் கொஞ்சம் இழுவை மேடம்" என்றான், மரியாதையாக.

அம்மாவிடம் புத்தகத்தைக் கொடுக்கும்போது எனக்கு உள்ளூர ஒரு ஆசை இருந்தது. இதைப் படித்தாவது அவளுக்கு ஒரு தடவை கோபம் வரட்டும் என்று. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைய ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"சாமியை அச்சு அசலா வரைஞ்சிருக்கியேட்டி" என்று படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அம்மா, அவன் வில்லன்."

"அது உன் கதைக்கு. முகம் சாமி முகம்லா."

மறுநாள் அந்தப் பக்கத்தைப் பிளேடால் அறுத்துப் பூஜை அலமாரியில் ஒட்டியிருந்தாள்.

அப்புறம் சமாதியிலிருந்தே கூப்பிட்டார்கள். நிர்வாகம் பார்க்கிற அண்ணாச்சி, ஒரு தடவை நேரில் வந்துவிட்டுப் போகும்படி சொன்னார். சண்டைதான் என்று நினைத்தேன். பஸ்ஸில் வழியெல்லாம் பதில்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டே போனேன். அண்ணாச்சி உட்காரச் சொல்லி ஒரு தம்ளர் பானக்கம் கொடுத்தார்.

"இது நம்ம சாமிதான?"

"ஆமா. வில்லனாத்தான் வரைஞ்சேன்."

"தெரியும்மா. திட்டுனாலும் அதுவும் சாமி நினைப்புதான. புஸ்தகத்தைப் பாத்துட்டு இப்ப காலேஜ் பிள்ளைகள்லாம் வருதுக, போட்டோ எடுக்குதுக. இந்தப் பெரிய சுவத்துல அதே மாதிரி ஒண்ணு வரைஞ்சு தரணும்."

அப்போது அப்பா வந்தார். பார்த்து ஆறு வருஷம் இருக்கும். தாடி முழுக்க வெளுத்திருந்தது. கையில் என் புத்தகம், பள்ளிக்கூட நோட்டு மாதிரி காக்கி அட்டை போட்டு வைத்திருந்தார்.

"நல்லா வரைஞ்சிருக்கீங்க, தாயி" என்றார்.

அங்கே வருகிற பெண்கள் எல்லோரும் அவருக்குத் தாயிதான். நானும் அதில் ஒருத்தி.

"முழுசாப் படிச்சீங்களா?"

"ரெண்டு தடவை படிச்சேன்."

"அந்தப் பிள்ளை யாருன்னு தெரிஞ்சுதா?"

அவர் புத்தகத்தைத் திறந்து நிஜமாகவே பக்கங்களைத் தள்ளித் தேடினார்.

"எந்தப் பிள்ளை?"

நடிக்கவில்லை. நடித்திருந்தால் மன்னித்திருப்பேன். நடிப்புக்காவது என்னை ஞாபகம் வைத்திருக்க வேண்டுமே! அவர் ஒரு பக்கத்தை எடுத்து என்னிடம் நீட்டி, "இந்த இடத்துல எனக்கு அழுகை வந்துட்டு" என்றார். அப்பன்மார் வரிசையாக வீட்டை விட்டு நடந்து போகிற பக்கம் அது.

சுவரில் வரைய முடியாது என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டில் எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்கப்பா மெலிஞ்சிருக்காகளா?" என்றாள்.

இரண்டாவது புத்தகத்தை வேறொருவர் வரைந்தார். பாத்திரங்களின் உரிமையை ஒப்பந்தத்தில் நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்; படித்துப் பார்க்காதது என் தப்பு. அதில் அவன் வில்லன் இல்லை, ஊரைக் காக்கிறவன். பெண் பிள்ளை யாரும் வருவதில்லை. சமாதிச் சுவரில் விளம்பரப் போர்டு எழுதுகிறவர் ஒருவர் என் படத்தைப் பார்த்தே வரைந்துவிட்டாராம். நான் போய்ப் பார்க்கவில்லை.

அம்மா போனாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக இந்த வருஷக் குருபூஜைக்குப் புதுச்சேலை கட்டிக்கொண்டு போனாள். எம் மக வரைஞ்சதுதான் இது என்று அங்கே எல்லோரிடமும் சொன்னாளாம். திரும்பி வந்து சர்க்கரைப் பொங்கலை இலையோடு என் வரைகிற மேஜையில் வைத்தாள். நான் தொடவில்லை. எறும்பு மொய்த்த பிறகு அவளே எடுத்துக்கொண்டு போனாள்.