உலகம் அழிந்த படத்தில் என் பங்கு

ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் பிளான்ட். திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலை. புதுக்கோட்டை போகும் சாலையில் அறுநூறு பேர் உட்காரும் கல்யாண மண்டபம். மூன்றையும் கட்டியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். உப்புக் காற்றில் எந்திரம் ஆறு மாதம் தாங்காது என்றார்கள், இன்றைக்கும் ஓடுகிறது. ஆலைக்குக் கிணறு தோண்டிய இடத்தில் பாறைதான் வரும் என்றார்கள், தண்ணீர் வந்தது. இதையெல்லாம் யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், சொல்லுவேன். சொல்லாமல் வைத்திருந்தது ஒன்று உண்டு. ஒரு சினிமாப் படம். அது என்னால் உயிர் பெற்றது. அதைக் கொன்றதும் நான்தான்.

என் மனைவியின் தம்பி புதுக்கோட்டையில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். காதுகுத்து, பூச்சூட்டு, பெண் அழைப்பு என்று அவன் கேமரா நுழையாத வீடு கிடையாது. ஆனால் அவன் மனசு வேறு மாதிரிப் படங்களில் கிடந்தது. உலகம் அழியும், பிணங்கள் எழுந்து நடக்கும், பார்க்கிறவர்கள் பயந்துகொண்டே சிரிப்பார்கள். மொத்தச் செலவு ஒரு காதுகுத்துச் செலவுக்குள் அடங்கிவிடும். செல்போனில் எனக்கு ஒன்றைக் காட்டினான். பேயின் கழுத்தில் பவுடர் படாத இடம் தெரிந்தது.

"இது என்ன மாப்ள, ஒட்டுன முடி தொங்குது" என்றேன்.

"அதுதான் மச்சான் விசயமே. பொய்யின்னு தெரிஞ்சாத்தான் சனம் தைரியமாச் சிரிக்கும். பெரிய படத்துல ஒலகம் எங்கேயோ அழியும், நாம வேடிக்கை பாப்போம். இதுல நம்ம தெருவுல அழியும்" என்றான். அப்போது அது எனக்கு மண்டையில் ஏறவில்லை.

அவன் கதை இதுதான். கடல் பொங்கி ஊருக்குள் வருகிறது. அதற்கு முன்னால் செத்தவர்கள் கரையேறி வருகிறார்கள். உயிரோடு இருப்பவர்கள் ஒளிய ஓடிவரும் இடம் என் ஐஸ் பிளான்ட். முதலாளி வேடத்தை நானே போட வேண்டும் என்றான். "கடைசி வரைக்கும் பிளான்ட்டக் காப்பாத்துற ஆளு மச்சான்." கதாநாயகன் என்றே நான் எடுத்துக்கொண்டேன். புது வேட்டி எடுத்தேன், மீசைக்கு மை போட்டேன்.

கடற்கரைக் குடும்பங்களில் ஒருவரும் பிணமாக நடிக்கச் சம்மதிக்கவில்லை. கடலில் வேலை பார்க்கிறவன் கடலிலிருந்து பிணமாக எழுந்து வருவதா? நியாயம்தான். ஆகவே திருவரங்குளத்திலிருந்து என் ஆலை ஆட்களை லாரியில் ஏற்றிவந்தேன். முகத்தில் அரிசி மாவு, வாயில் பீட்ரூட் சாறு, தோளில் கிழிந்த வலை. வயல்காட்டு ஆட்களுக்கு முழங்கால் தண்ணீரில் நின்றதற்கே தலை சுற்றியது. "பொணத்துக்குத் தண்ணின்னா பயமாம்லடி" என்று கரையில் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு பிணத்தையும், அதன் காட்சி முடிந்ததும், கேமராவைப் பார்த்து ஒரு தரம் சிரிக்கச் சொல்லி, பூசணிக்காய் சுற்றி உடைத்த பிறகுதான் சாப்பிட விட்டோம். செத்த மாதிரி எடுத்த படம் அப்படியே நின்றுவிடக் கூடாது என்பது சினிமாக்காரர்கள் வழக்கம்.

ஐஸ் அறைக் கதவைத் திறந்தால் குளிர்ப்புகை தரையோடு தவழ்ந்து வெளியே வரும். பைசா செலவில்லாத பிரளயம். அந்தப் புகைக்குள் சாவிக்கொத்தோடு நான் நிற்கிறேன். பிணங்கள் முண்டியடித்து வருகின்றன. வசனம் எதுவும் தரவில்லை. "தெனம் பேசுறத பேசுங்க மச்சான்" என்றான். பேசினேன்.

"ஏய், லைன்ல வாங்க. செத்துப்போனா வரிசை கெடையாதா? யாருப்பா மொதல்ல வந்தது? வலைய வெளிய வச்சிட்டு வா, தரையெல்லாம் ஈரம் ஆகுதுல்ல."

பிணங்கள் வரிசையில் நின்றன. ஒரே டேக்கில் முடிந்தது.

மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திரையிட்டோம். ஜெகதாப்பட்டினத்திலிருந்து இரண்டு வேன் நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். அந்தச் சமயம் இலங்கைக் கடற்படையிடம் படகோடு பிடிபட்டுச் சிறைக்குப் போனவர்கள் திரும்பாமல் இருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் அவர்கள் வீட்டுப் பெண்கள். நான் முன் வரிசை சோபாவில் பட்டுத் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். சாவிக்கொத்தோடு நான் வந்ததும் மண்டபமே சிரித்தது. வரிசையில் வரச் சொன்னதும் நாற்காலியை விட்டு விழுந்து சிரித்தார்கள். என் ஆலைக் கணக்கப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினார். உலகம் அழிந்தாலும் சாவியை விடாத கஞ்சன் என்று என்னைக் காட்டியிருக்கிறான் என்று அப்போதுதான் புரிந்தது. படம் முடியுமுன் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவனை வீட்டுக்கு வரச்சொன்னேன். "என் மொகமும் பேரும் அதுல இருக்கக் கூடாது. பிளான்ட்டும் இருக்கக் கூடாது."

"நீங்க இல்லாட்டி படத்துல உசுரே இல்ல மச்சான். அவுக ஒங்களப் பாத்து ஏளனமாச் சிரிக்கல."

"அப்பறம் யாரப் பாத்து சிரிச்சாக? செவுத்தப் பாத்தா?"

என் கண் முன்னாலேயே வெட்டி அழிக்கச் சொன்னேன். அழித்தான். அது போதவில்லை எனக்கு. என் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, அவள் தலையில் அவனைக் கைவைக்கச் சொல்லி, இனி எந்தக் காலத்திலும் என் பேர் அந்தப் படத்தில் வராது என்று சத்தியம் வாங்கினேன். அக்கா தலைமேல் கை வைக்க அவன் தயங்கியதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

அதோடு அவன் படம் எடுப்பதை விட்டான். கேமராவை விற்றுவிட்டு சிங்கப்பூர் போனான். அங்கே ஒரு கட்டடத்தில் கண்காணிப்புக் கேமராத் திரைகளைப் பார்த்துக்கொண்டு உட்காரும் வேலை. ஒன்றும் நடக்காத படம் எட்டு மணி நேரம்.

ஒரு வருஷம் கழித்து ஐஸ் வாங்க வந்த ஒரு பெண், கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றாள். "மொதலாளி, அந்தப் படத்த இன்னொரு தடவ போடுவீகளா? எங்க வீட்டுக்காரரு வந்துட்டாரு. அவருக்குக் காட்டணும்."

எதற்கு என்றேன்.

"அவரு உள்ள இருந்த ஏழு மாசத்துல அன்னைக்கு ஒரு நாளுதான் நான் சிரிச்சேன். செத்தவுகளையே நீங்க வரிசையில நிப்பாட்டுனீகள்ல, அப்ப எனக்குத் தோணுச்சு, நம்ம மனுசன் எங்கிட்டு இருந்தாலும் வரிசையில நின்னாச்சும் வந்துருவாருன்னு."

படம் தொலைந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். அன்று முழுக்க பிளான்ட் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். என் மைத்துனன் சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் எனக்கு ஏறியது. தினம் கடலைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்குப் பெரிய பயத்தைக் காட்டி என்ன புண்ணியம்? மாவு பூசிய பயத்தைக் காட்டு. அதை அதட்டி நிறுத்த ஒரு ஆளையும் காட்டு. அவர்கள் சிரித்தது அந்தத் தெம்பில். அந்த ஆள் நான். மூன்று கட்டடம் கட்டினேன். அவற்றில் எதுவும் ஒருத்தருக்கு அந்தத் தெம்பைக் கொடுத்ததில்லை.

இப்போது அந்தப் படத்தை, வெட்டியது போக மீதியை, அவன் யூடியூபில் போட்டிருக்கிறான். பேரனின் போனில் பார்த்தேன். நாற்பது நிமிஷம்தான். சனங்கள் எங்கோ ஓடுகிறார்கள், படம் ஒரு இடத்தில் துள்ளுகிறது, உடனே பொழுது விடிந்துவிடுகிறது. "கதையே புரியல" என்று யாரோ கீழே எழுதியிருக்கிறார்கள். அந்தத் துள்ளலுக்குள்தான் நான் சாவிக்கொத்தோடு நிற்கிறேன்.

சிங்கப்பூருக்குப் போன் போட்டு என் பேரைச் சேர்க்கச் சொன்னேன். "அக்கா தலையில அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேன் மச்சான். முடியாது" என்றான். என் மனைவி போனை வாங்கி, "என் தலைக்கு ஒண்ணும் ஆகாதுடா, போடு" என்றாள். அதற்கும் மசியவில்லை. அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆகவே இங்கே எழுதிக் கேட்கிறேன். மாப்ள, சத்தியம் என் பேருக்குத்தான். பேரைப் போட வேண்டாம். படம் முடிந்து எழுத்து ஓடும் இடத்தில் இரண்டு வரி சேர். 'ஐஸ் பிளான்ட் முதலாளியாக நடித்தவர்: இயக்குநரின் அக்கா வீட்டுக்காரர்.' அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில், 'அந்தக் காட்சியை வெட்டச் சொன்னவரும் அவரே.' இரண்டும் என் பங்கு. இரண்டும் எனக்கு வர வேண்டும்.